பணப்பை இல்லாத நாற்காலி: கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பாப் கெர்ஸ்லேக்

2017 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு லண்டனில் உள்ள கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் தலைவர் பதவியிலிருந்து பாப் கெர்ஸ்லேக் பிரபு விலகினார். விலகலுக்கான காரணத்தைக் கார்டியன் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். தேசிய நலவாழ்வுச் சேவையான என்எச்எஸ் எதிர்கொள்ளும் சுமையின் அளவை அரசும் கண்காணிப்பு அமைப்பும் உணரவில்லை என்பது அவருடைய வாதம். மறுநாளே அந்தக் கண்காணிப்பு அமைப்பான என்எச்எஸ் இம்ப்ரூவ்மென்ட், கிங்ஸ் மருத்துவமனையை நிதிச் சிறப்பு நடவடிக்கையின் கீழ், அதாவது தன் நெருக்கமான நிதிக் கண்காணிப்பின் கீழ், கொண்டுவந்தது. நாட்டில் வேறெந்த மருத்துவமனையிலும் நிதிநிலை இவ்வளவு வேகமாகச் சரிந்ததில்லை என்று அதன் தலைமை நிர்வாகி இயன் டால்டன் கடுமையாகச் சாடினார்.

பிரிட்டனில் மருத்துவமனைத் தலைவர்கள் விலகுவது அரிதல்ல. விலகியவர் யார் என்பதால்தான் இந்த விலகல் ஆராயத்தக்கதாகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் பிரிட்டன் அரசுப் பணியின் தலைவர். அரசின் பணம் எப்படிப் பிரிகிறது, எந்த மேசையில் எந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவராலேயே ஒரு பொது மருத்துவமனையின் கணக்கை நேராக்க முடியவில்லை என்றால், குறை ஆளிடமா, நாற்காலியிடமா, நாற்காலிக்கு மேலே இருப்பவர்களிடமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பங்கு மேலே இருந்தவர்களுடையது. ஆனால் நாற்காலியில் இருந்தவருக்கே உரிய ஒரு பங்கும் உண்டு. அதை அவருடைய கார்டியன் கட்டுரை தொட்டுவிட்டுக் கடந்துபோனது.

வந்தவர்

கெர்ஸ்லேக் 1955-இல் பாத் நகரில் பிறந்தவர். வாரிக் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். கிரேட்டர் லண்டன் கவுன்சிலில் சேர்ந்து பொதுத்துறைக் கணக்காளராகத் தகுதி பெற்றார். தொழிலின் தொடக்கமே வரவு செலவுப் புத்தகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைக்கு அது தேவைப்படும்.

1990-இல் லண்டனின் ஹவுன்ஸ்லோ நகராட்சிக்குத் தலைமை நிர்வாகி ஆனார். 1997 முதல் 2008 வரை ஷெஃபீல்ட் மாநகராட்சியின் தலைமை நிர்வாகி. எஃகு ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டதில் நிலைகுலைந்த அந்த ஊர் மீண்டும் எழுந்து நிற்கத் தொடங்கிய ஆண்டுகள் அவை. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்த ஊர்தான். 2005-இல் சர் பட்டம் கிடைத்தது. 2010 நவம்பரில் உள்ளாட்சித் துறையின் நிரந்தரச் செயலாளர், அதாவது துறையின் தலைமை அதிகாரி, ஆனார். 2012 ஜனவரியில் அரசுப் பணியின் தலைவர் பொறுப்பும் அதனோடு சேர்ந்தது. 2014 செப்டம்பரில் அந்தப் பொறுப்பு அமைச்சரவைச் செயலாளர் ஜெரமி ஹேவுட் கைக்குப் போனது. 2015 பிப்ரவரியில் கெர்ஸ்லேக் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு அறுபது வயது.

ஓய்வு என்பது பெயரளவில்தான். அதே ஆண்டில் பிரபுக்கள் சபையில் கட்சி சாராத உறுப்பினரானார். பீபாடி என்ற பழம்பெரும் வீட்டுவசதி நிறுவனத்துக்குத் தலைவரானார். உள்ளாட்சிகளின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். கிங்ஸ் மருத்துவமனையின் தலைவர் பதவியும் அந்த ஆண்டில்தான் வந்தது. அவருக்கு முன் அங்கே தலைவராக இருந்தவர் நீரிழிவு நோய் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஜார்ஜ் ஆல்பர்ட்டி. மருத்துவர் அமர்ந்திருந்த இடத்துக்கு நிர்வாகி வந்தார். மருத்துவத்தின் தரம் பற்றி அங்கே யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. கவலை பணத்தைப் பற்றியது. அந்த நிலையில் இந்தத் தேர்வு இயல்பானதுதான்.

வாய்த்த மருத்துவமனை

கிங்ஸ் 1840-இல் தொடங்கப்பட்டது. கிருமி நீக்க அறுவை சிகிச்சையின் முன்னோடி ஜோசப் லிஸ்டர் பணியாற்றிய இடம். 1913 முதல் தெற்கு லண்டனின் டென்மார்க் ஹில் பகுதியில் இருக்கிறது. தலைக்காயம், பக்கவாதம், கல்லீரல் என்று பல துறைகளில் பிரிட்டனின் முன்னணி நிலையம். மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா, 1997-இல் பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இந்த மருத்துவமனையில்தான். சென்னைக்கு வருவதற்கு முன் அவருடைய கை பழகிய இடம் அது. 2017-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத் தாக்குதல், லண்டன் பாலத் தாக்குதல், கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ என்று லண்டன் அடுத்தடுத்துக் கண்ட மூன்று பேரிடர்களிலும் காயமடைந்தவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட மருத்துவமனையின் கணக்கு ஏன் கெட்டது? பதில் டென்மார்க் ஹில்லில் இல்லை. தென்கிழக்கே, லண்டனின் புறநகர் விளிம்பில், ஆர்பிங்டன் பக்கம் இருக்கும் பிரின்சஸ் ராயல் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருக்கிறது.

2009 ஏப்ரலில் மூன்று மருத்துவமனை நிர்வாகங்களை ஒன்றாக இணைத்து சவுத் லண்டன் ஹெல்த்கேர் என்ற டிரஸ்ட் (என்எச்எஸ் மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) உருவாக்கப்பட்டது. அவற்றில் இரண்டு, அதாவது உலிச் குயீன் எலிசபெத்தும் பிரின்சஸ் ராயலும், தனியார் நிதியில் கட்டப்பட்டவை. தனியார் கூட்டமைப்பு கடன் வாங்கிக் கட்டிடத்தை எழுப்பும். மருத்துவமனை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாடகை, பராமரிப்பு, வட்டி எல்லாம் சேர்ந்த தொகையை ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிகள் கூடினாலும் குறைந்தாலும், அரசு தரும் கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தவணை குறையாது. நலிந்த மூன்று நிர்வாகங்களை ஒன்றாக்கினால் வலுவான ஒரு நிர்வாகம் கிடைக்கும் என்று யார் கணக்குப் போட்டார்களோ, அந்தக் கணக்கு பலிக்கவில்லை. வாரத்துக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டம் ஓடியது. 2012 ஜூலையில் அரசு சிறப்பு நிர்வாகியை நியமித்தது. என்எச்எஸ் வரலாற்றில் ஒரு டிரஸ்ட் அந்த நிலைக்குப் போனது அதுவே முதல் முறை. 2013 அக்டோபர் 1 அன்று அது கலைக்கப்பட்டது. உலிச் மருத்துவமனை லூயிஷாம் மருத்துவமனையோடு போனது. பிரின்சஸ் ராயல் கிங்ஸ் வசம் வந்தது.

மாற்றத்துக்கான உதவித்தொகையும் கூடவே வந்தது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. வேறு நகரப் பகுதி, வேறு மக்கள், முதியோர் மிகுந்த புறநகர், அவசர சிகிச்சையில் நெரிசல், ஆள் பற்றாக்குறை. அதை நிரப்பத் தற்காலிக ஊழியர்களை நம்ப வேண்டியிருந்தது. கெர்ஸ்லேக் வந்து சேர்ந்த 2015-இல் டிரஸ்டின் கணக்கு ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்தது. அன்றைய கண்காணிப்பு அமைப்பான மானிட்டரின் பார்வையும் அதன்மேல் விழுந்திருந்தது. பிறர் வாங்கிவைத்த சுமையோடுதான் அவருடைய தலைமை தொடங்கியது. இதை மறந்துவிட்டு அவரை எடைபோடுவது நியாயமாகாது.

தலைவரின் கை எதுவரை நீளும்

ஃபவுண்டேஷன் டிரஸ்ட் என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு. கிங்ஸ் 2006-இல் அந்த நிலையைப் பெற்றது. அமைச்சரின் அன்றாடக் கட்டளையிலிருந்து விடுபட்டு, உள்ளூர் மக்களுக்குப் பதில் சொல்லும் மருத்துவமனை என்பது கருத்து. பொதுமக்களும் ஊழியர்களும் ஆளுநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரை அந்தக் குழு நியமிக்கிறது. தலைவர் முழுநேர நிர்வாகி அல்லர். அன்றாடப் பொறுப்பு தலைமை நிர்வாகியிடம் இருக்கிறது. இயக்குநர் குழுவை நடத்துவது, தலைமை நிர்வாகியைக் கேள்வி கேட்பது, தேவைப்பட்டால் மாற்றுவது, மருத்துவமனையின் சார்பில் வெளியே பேசுவது ஆகியவைதான் தலைவரின் வேலை.

ஏட்டில் இது சுதந்திரமான பதவி. நடைமுறையில் வருமானத்தின் ஒவ்வொரு கால்வாய்க்கும் மதகு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை மருத்துவமனை தீர்மானிப்பதில்லை. தேசியக் கட்டணப் பட்டியல் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலிலும் ஆண்டுதோறும் ‘திறன் மேம்பாடு’ என்ற பெயரில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. பல ஆண்டுகள் அந்தக் கழிவு நான்கு விழுக்காடு. அதாவது சென்ற ஆண்டு செய்த அதே வேலையை இந்த ஆண்டு அந்த அளவு குறைந்த செலவில் செய்து காட்ட வேண்டும்.

அவசர சிகிச்சைக்கான விதி இன்னும் கடுமையானது. 2008-09 அளவுக்கு மேல் அவசரமாகச் சேர்க்கப்படும் நோயாளிகளுக்கு 2010 முதல் கட்டணத்தில் 30 விழுக்காடுதான் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது. பின்னர் அது 70 விழுக்காடாக உயர்ந்தது. தேவையில்லாத சேர்க்கையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் எண்பது வயதுப் பாட்டியிடம், ‘எங்கள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது’ என்று எந்த மருத்துவமனை சொல்லும்? கதவைச் சாத்த முடியாதவனுக்கு, திறந்து வைத்ததற்காக அபராதம் போட்ட ஏற்பாடு அது.

இவற்றுக்கு மேல் வந்ததுதான் கட்டுப்பாட்டு இலக்கு. 2016 முதல் ஒவ்வொரு டிரஸ்டுக்கும் ஒரு நிதி இலக்கு விதிக்கப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டு, காலாண்டுதோறும் எட்டினால், ஆண்டுக்கு 180 கோடி பவுண்டு கொண்ட சிறப்பு நிதியிலிருந்து பங்கு கிடைக்கும். எட்டத் தவறினால் பங்கு இல்லை. கணக்கில் இது எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். ஒரு மருத்துவமனை இலக்கிலிருந்து ஒரு கோடி பவுண்டு வழுகுகிறது. வழுகியதால் வர வேண்டிய சிறப்பு நிதியும் நின்றுபோகிறது. அது இன்னொரு கோடி என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை இரண்டு கோடியாகிவிடுகிறது. விழுந்தவனுக்குக் கைகொடுக்க வேண்டிய பணம், விழுந்ததற்குத் தண்டனையாகப் பறிபோகிறது. பற்றாக்குறையை அடைக்க அரசிடம் வாங்கிய கடனுக்கு வட்டியும் இருந்தது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். என்எச்எஸ் தொடங்கிய 1948 முதல் அதன் நிதி ஆண்டுக்குச் சராசரியாக நான்கு விழுக்காட்டை ஒட்டி வளர்ந்துவந்தது. 2010-க்குப் பிறகு அது ஒரு விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கியது. 2017 நவம்பர் பட்ஜெட்டுக்கு முன்பு, கிங்ஸ் ஃபண்ட், நஃபீல்ட் டிரஸ்ட், ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆகிய மூன்று ஆய்வு நிறுவனங்களும் ஒரே குரலில், அடுத்த ஆண்டுக்கு மட்டும் கூடுதலாக 400 கோடி பவுண்டு தேவை என்றன. நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் கொடுத்தது 160 கோடி. கெர்ஸ்லேக் விலகியது அந்த பட்ஜெட் வந்த மூன்றாவது வாரத்தில்.

3.88-இலிருந்து 9.22 வரை

2017-18 நிதியாண்டுக்கு கிங்ஸ் ஒத்துக்கொண்டிருந்த பற்றாக்குறை 3.88 கோடி பவுண்டு. அக்டோபரில் அது 7.06 கோடியாக இருக்கும் என்று திருத்தி எழுதியது. டிசம்பருக்குள் 9.22 கோடி என்று மீண்டும் திருத்தியது. நிதியாண்டு முடிவதற்குள் பற்றாக்குறை பத்துக் கோடியையும் தாண்டியது.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். டால்டன் ஒரு விதமாகப் படித்தார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே நெருக்கடியில்தான் இருக்கின்றன, பெரும்பாலானவை சமாளிக்கின்றன, கிங்ஸ் மட்டும் இப்படிச் சரிவதை ஏற்க முடியாது என்றார். கெர்ஸ்லேக் வேறு விதமாகப் படித்தார். தானும் டிரஸ்டும் இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடியவை உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அடிப்படைக் கோளாறு என்எச்எஸ் நிதி பெறும் முறையிலும் அமைந்திருக்கும் முறையிலும் இருக்கிறது என்றார்.

பற்றாக்குறையின் அளவை விட, அது மாறிய வேகம்தான் என்னை உறுத்துகிறது. 3.88 கோடி என்ற இலக்கே நடக்காத காரியம் என்று கெர்ஸ்லேக் கருதியிருந்தால், அதை ஏப்ரலிலேயே மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் சிறப்பு நிதி போயிருக்கும், கண்டனம் வந்திருக்கும். ஆனாலும் அது நேர்மையான கணக்காக இருந்திருக்கும். எட்டக்கூடிய இலக்கு என்று நம்பியிருந்தால், பாதி ஆண்டு போன பிறகு திடீரென்று இரு மடங்குக்கு மேல் ஆனது எப்படி என்று இயக்குநர் குழு பதில் சொல்ல வேண்டும். சேமிப்புத் திட்டங்கள் பலிக்காமல் போனது ஆறு மாதம் யார் கண்ணிலும் படவில்லையா? மாதாமாதம் இயக்குநர் குழு முன்னால் வைக்கப்படும் நிதி அறிக்கையில் திட்டம், நடப்பு, வேறுபாடு என்று மூன்று கட்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். மூன்றாவது கட்டத்தில் சிவப்பு ஏறிக்கொண்டே போகும்போது ‘ஆண்டு இறுதியில் சரியாகிவிடும்’ என்ற அடிக்குறிப்பைத் தலைவர் ஏற்றுக்கொண்டார் என்றால், அவர் தன் முதல் தொழிலை மறந்துவிட்டார் என்று அர்த்தம். பணம் தருவது தலைவர் கையில் இல்லை. ஆனால் கணக்கு உண்மையா என்று கேட்பது முழுக்க முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. அதை நிதித் துறையோ அமைச்சரோ பறித்துக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும் டால்டனின் வாதம் எனக்கு நிறைவு தரவில்லை. ‘மற்றவர்கள் சமாளிக்கிறார்களே’ என்பது, எல்லோரும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தால் மட்டுமே பொருந்தும். கலைக்கப்பட்ட ஒரு டிரஸ்டின் மிச்சத்தைச் சுமந்துகொண்டு ஓடிய மருத்துவமனைகள் வெகு சில. அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிவிட்டவர்களில் அரசும் ஒருவர். கண்காணிப்பு அமைப்பு அந்த வரலாற்றை விட்டுவிட்டு நடப்பு ஆண்டை மட்டும் பார்த்தது.

நகராட்சிப் பணமும் மருத்துவமனைப் படுக்கையும்

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடம் இது. கெர்ஸ்லேக்கின் முதல் வாழ்க்கையும் இரண்டாம் வாழ்க்கையும் ஒரு மருத்துவமனைப் படுக்கையின் ஓரத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

இங்கிலாந்தில் மருத்துவம் என்எச்எஸ் பொறுப்பு. முதியோர் பராமரிப்பு உள்ளாட்சிகளின் பொறுப்பு. இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் வீட்டில் அவர் தனியாள். காலையில் எழுப்பி, குளிக்க வைத்து, மருந்து கொடுக்க ஒரு பராமரிப்பாளர் வர வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியது நகராட்சி. நகராட்சியிடம் பணம் இல்லை, ஆள் இல்லை. ஏற்பாடு ஆகும்வரை அவர் படுக்கையிலேயே இருக்கிறார். அந்தப் படுக்கை காலியாகாததால் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கை முடிவான இன்னொருவர் தள்ளுபடுக்கையில் காத்துக் கிடக்கிறார். நான்கு மணி நேரத்துக்குள் 95 விழுக்காட்டினரைக் கவனித்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு தவறுகிறது. நாள் குறித்த அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகின்றன. அவற்றிலிருந்து வர வேண்டிய கட்டணமும் தள்ளிப்போகிறது. படுத்திருக்கும் முதியவரோ, நடக்காமல் கிடந்து தசை கரைந்து, வந்தபோது இருந்ததை விடப் பலவீனமாகிறார்.

அந்த நகராட்சியிடம் ஏன் பணம் இல்லை? 2010-11 முதல் 2015-16 வரை உள்ளாட்சிகளுக்கான மத்திய அரசு நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 37 விழுக்காடு குறைக்கப்பட்டதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2014 நவம்பரில் கணக்கிட்டது. அந்த வெட்டின் விளைவுகளை உள்ளாட்சித் துறை போதிய அளவு புரிந்துவைத்திருக்கவில்லை என்றும் அது குறை சொன்னது. அப்போது அந்தத் துறையின் நிரந்தரச் செயலாளர் கெர்ஸ்லேக்.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வெட்டு அமைச்சரவையின் முடிவு. துறை அமைச்சர் எரிக் பிக்கில்ஸ். அதிகாரியின் கடமை அறைக்குள் ஆலோசனை சொல்வது, முடிவானதும் நிறைவேற்றுவது. பிரிட்டன் அரசுப் பணியின் மரபு அது. அந்த மரபில் வந்தவர் வெளியே வாய் திறக்க மாட்டார். ஆனால் ஓர் அதிகாரி ஒரு துறையில் நிறைவேற்றிய வெட்டு, சில ஆண்டுகள் கழித்து வேறொரு துறையின் செலவாக அவர் முன்னாலேயே வந்து நிற்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. பிரிட்டன் அரசுத் துறைகள் இயங்கும் வைட்ஹாலில் ஒரு துறை மிச்சப்படுத்தியது இன்னொரு துறையின் பற்றாக்குறையாக மாறுகிறது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்கும் வேலை நிதித் துறையுடையது. 2017 பிப்ரவரியில், எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஜான் மெக்டொனல் கேட்டுக்கொண்டதன்பேரில் நிதித் துறையின் செயல்பாட்டை ஆராய்ந்து கெர்ஸ்லேக் ஓர் அறிக்கை கொடுத்தார். அதிகாரம் குவிந்த, குறுகிய பார்வை கொண்ட துறை என்ற விமர்சனம் அதில் இருந்தது. எதிர்க்கட்சிக்காக எழுதிக் கொடுத்தவர் என்பதால், அந்த ஆண்டு இறுதியில் அவர் விலகியபோது அதற்கு அரசியல் சாயம் பூச அரசு தரப்புக்கு எளிதாயிற்று. நான் அந்தச் சாயத்தை ஏற்கவில்லை. அவர் சொன்னதை வேறு யாரும் சொல்லாமல் இருக்கவில்லை. மேலே சொன்ன மூன்று ஆய்வு நிறுவனங்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு பொது மருத்துவமனையின் தலைவர் பதவியில் இருந்துகொண்டே ஒரு கட்சிக்காக அறிக்கை எழுதுவது, மருத்துவமனைக்காக அவர் பேசும்போது கேட்பவர் காதை அடைத்துவிடும். இந்த விலையை அவர் முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அதிகாரி எதைக் கொண்டுவருகிறார்

நிர்வாகத் திறமை என்பதுதான் வழக்கமான பதில். அது எனக்குப் போதவில்லை. திறமையான நிர்வாகிகள் மருத்துவமனைக்குள்ளேயே உண்டு. அவர்களிடம் இல்லாத இரண்டு ஓய்வுபெற்ற அதிகாரியிடம் இருக்கின்றன. ஒன்று, முடிவுகள் எங்கே, எப்படி எடுக்கப்படுகின்றன என்ற அறிவு. மற்றொன்று, இனி இழக்கப் பதவி உயர்வு எதுவும் இல்லை என்ற விடுதலை. நாற்பது வயதுத் தலைமை நிர்வாகி கண்காணிப்பு அமைப்பை எதிர்த்துப் பேசினால் அவருடைய அடுத்த வேலை போய்விடும். அறுபது தாண்டிய பிரபுவுக்கு அந்தப் பயம் இல்லை. பணப்பை இல்லாத நாற்காலியில் மிஞ்சும் ஒரே அதிகாரம் குரல்தான்.

கெர்ஸ்லேக் அந்தக் குரலைப் பயன்படுத்தினார். நாடே கேட்டது. ஆனால் அதை முழு வலிமையோடு பயன்படுத்தியது விலகிய நாளில். விலகும் தலைவரின் சொல் ஒரு நாள் தலைப்புச் செய்தி. அடுத்த நாள் மருத்துவமனைக்கு வேறு தலைவர். இலக்கு விதிக்கப்பட்டபோதே ‘இது பொய்க் கணக்கு, நானும் என் இயக்குநர் குழுவும் கையெழுத்திட மாட்டோம்’ என்று பதவியில் அமர்ந்தபடி சொல்லியிருந்தால், கண்காணிப்பு அமைப்பு அவரை நீக்குவதா, இலக்கை மாற்றுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். அரசுப் பணியின் முன்னாள் தலைவரை நீக்குவது அவ்வளவு சுலபமல்ல. நீக்கினால் அதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு

2018 மார்ச்சில், மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பில் அவசர சேவைகள் செயல்பட்ட விதம் பற்றிய விசாரணை அறிக்கையை கெர்ஸ்லேக் வெளியிட்டார். தீயணைப்புப் படை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் களத்துக்கு வராமல் போனதை அது மூடி மறைக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் அதில் தங்கள் குரலைக் கண்டன. வெளியிலிருந்து ஓர் அமைப்பை ஆராய்ந்து உண்மையைச் சொல்வதில் அவருக்கு இருந்த வல்லமை அதில் தெரிகிறது. அதே கூர்மை தன் சொந்த இயக்குநர் குழுவின் மேசையில் எங்கே போயிற்று என்ற கேள்வி எனக்கு அங்கேதான் கூடுகிறது. அவர் 2023 ஜூலை 1 அன்று புற்றுநோயால் காலமானார்.

கிங்ஸின் கதை அவரோடு முடியவில்லை. 2019-இல் இன்னொரு ஓய்வுபெற்ற அதிகாரி, சர் ஹியூ டெய்லர், அங்கே தலைவராக வந்தார். 2006 முதல் 2010 வரை சுகாதாரத் துறையின் நிரந்தரச் செயலாளராக இருந்தவர். சவுத் லண்டன் ஹெல்த்கேர் உருவானதும் அந்தக் காலத்தில்தான். பக்கத்திலேயே இருக்கும் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் டிரஸ்டுக்கு 2011 முதல் தலைவராக இருந்தார். அந்தப் பொறுப்பை விடாமலே கிங்ஸையும் ஏற்றார். கணக்கு நன்றாக இருந்த மருத்துவமனையின் தலைவர், கணக்கு கெட்ட மருத்துவமனைக்கும் தலைவர். போட்டியாளர்களாக நடத்தப்பட்ட இரண்டு அண்டை மருத்துவமனைகள் ஒருவர் தலைமையின் கீழ் வந்ததே ஒரு கொள்கை மாற்றம்.

கெர்ஸ்லேக் சொன்னவற்றில் சில ஒவ்வொன்றாக நடந்தன. 2018 ஜூனில் பிரதமர் தெரசா மே, ஐந்து ஆண்டுகளில் என்எச்எஸ் நிதியை 2,050 கோடி பவுண்டு உயர்த்துவதாக அறிவித்தார். ஆண்டுக்குச் சராசரி 3.4 விழுக்காடு. கூடுதல் அவசர நோயாளிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும் விதி 2019-20-இல் நீக்கப்பட்டது. 2020 ஏப்ரலில், கொரோனாவின் நடுவே, மருத்துவமனைகள் அரசுக்குக் கொடுக்க வேண்டிய 1,340 கோடி பவுண்டு கடனைச் சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக் தள்ளுபடி செய்தார். 2017-இல் கேட்டால் நிதி ஒழுக்கமின்மை என்று பெயர் வாங்கித் தந்திருக்கும் காரியம், மூன்றே ஆண்டில் அரசின் நடவடிக்கையாயிற்று.

தள்ளுபடி என்றாலும் அந்தக் கடன் அரசின் முதலீடாக மாற்றப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகள் தங்கள் நிகரச் சொத்தின்மேல் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு அரசுக்குப் பங்காதாயமாகக் கட்டுகின்றன. கடன் நீங்கினால் நிகரச் சொத்து கூடும், கட்ட வேண்டிய ஆதாயமும் பல மருத்துவமனைகளுக்குக் கூடும். பிரின்சஸ் ராயல் கட்டிடத்துக்கான தனியார் தவணையோ இந்தத் தள்ளுபடியில் சேரவே இல்லை. அந்த ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் கிங்ஸ் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகைகளில் அதுவும் ஒன்று.